கலைவிழாவுக்கு ஒரு மார்புக் கவசம்

பாடசாலைக் கலைவிழா நாடகத்தில் உங்கள் மகனுக்குப் படைவீரன் வேடம் கிடைத்திருக்கிறது. அவனோடு இன்னும் ஒன்பது வீரர்கள். பத்துப் பேருக்கும் ஒரே மாதிரியான மார்புக் கவசம் வேண்டுமென்று ஆசிரியை சொல்லி அனுப்பியிருக்கிறார். அட்டையை வெட்டி வெள்ளிக் கடதாசி ஒட்டினால் மேடையில் அது அட்டையாகவே தெரியும். நெஞ்சின் வளைவு அதற்கு வராது. ஆகவே இம்மாதம் அச்சு எடுத்துக் கவசம் வார்க்கும் முறையைப் பார்ப்போம். ஓர் அச்சு இருந்தால் பத்துக் கவசங்களையும் அதிலேயே எடுக்கலாம். (ஒன்றே ஒன்றுதான் தேவையென்றால் அச்சுக்கு மினக்கெட வேண்டாம். களிமண் உருவத்தின் மேலேயே கடதாசி ஒட்டிக் காயவைத்து எடுத்துவிடுங்கள்.)

அச்சுக்குத் தேவை பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ் என்னும் வெள்ளைத் தூள். அதை வாங்கி வந்ததும் பலருக்கும் ஒரு யோசனை தோன்றும்: பிள்ளையைப் படுக்க வைத்து அவனுடைய நெஞ்சிலேயே பூசினால் அளவு கச்சிதமாக வருமே! தாய்மாரே, தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

2007 ஜனவரியில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில், 16 வயது மாணவி ஒருத்தி சித்திர வகுப்பில் தன் கைகளின் அச்சை எடுக்க முயன்றாள். கரைத்த பிளாஸ்டருக்குள் இரு கைகளையும் விட்டாள். அது இறுகியபோது கைகளை வெளியே எடுக்க முடியவில்லை. பிளாஸ்டரின் சூடு 60 பாகை செல்சியஸ் வரை ஏறியிருந்தது. பல சத்திர சிகிச்சைகளுக்குப் பிறகு அவளுக்கு எஞ்சியவை இரண்டு விரல்கள் மட்டுமே. 2009இல் அந்தப் பாடசாலைக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது.

பச்சைத் தண்ணீரில் கரைக்கும் தூளுக்கு இவ்வளவு சூடு எங்கிருந்து வந்தது? ஜிப்சம் என்ற கல்லைச் சுமார் 150 பாகையில் வறுத்து, அதிலுள்ள நீரின் பெரும்பகுதியைப் போக்கித்தான் இந்தத் தூளைச் செய்கிறார்கள். நாம் தண்ணீர் சேர்க்கும்போது அது மறுபடி கல்லாக மாறுகிறது. மாறும்போது சூட்டை வெளியே விடுகிறது. எவ்வளவு தடிப்பாக இருக்கிறதோ அவ்வளவு சூடு. 'ஆஸ்பத்திரியில் உடைந்த காலுக்கு இதைத்தானே போடுகிறார்கள்' என்று கேட்பீர்கள். அங்கே போடுவது மெல்லிய துணிக்கட்டு. அதற்கும் அடியில் பஞ்சு வைக்கிறார்கள். சினிமாக்காரர்கள் நடிகரின் உடலை அச்செடுக்கும்போதும் தோலில் முதலில் பூசுவது அல்ஜினேட் என்ற வேறொரு பொருள். பல் வைத்தியர் பல்லின் அச்சை எடுக்கப் பாவிப்பதும் அதுதான்.

ஆகவே பிள்ளையிடமிருந்து அளவை மட்டும் எடுப்போம். ஒரு பழைய டீசேர்ட்டை அவனுக்கு அணிவித்து, அதன்மேல் பார்சல் ஒட்டும் டேப்பை நெஞ்சைச் சுற்றி இறுக்காமல் ஒட்டுங்கள். கழுத்தில் ஒட்ட வேண்டாம். பிறகு முதுகுப் பக்கம் டீசேர்ட்டையும் சேர்த்து மெதுவாக வெட்டிக் கழற்றுங்கள். வெட்டிய இடத்தை மூடி, உள்ளே பழைய பத்திரிகைகளைக் கசக்கி நன்றாகத் திணித்தால் பிள்ளையின் உடம்பு அளவிலேயே ஒரு பொம்மை கிடைக்கும். அதைப் பலகையில் மல்லாத்தி வைத்து, பொலித்தீனால் மூடி, அதன்மேல் மட்பாண்டம் செய்யும் களியை ஒரு விரல் தடிப்புக்கு அப்புங்கள். கவசம் பிள்ளையின் சட்டைக்கு மேலே வருவதால் இந்தத் தடிப்பு வேண்டும். ஈரக் கையால் நன்கு மெழுகுங்கள். களியில் விட்ட பள்ளமும் மேடும் பத்துக் கவசங்களிலும் வரும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது.

ஓரங்கள் உள்நோக்கி மடியாமல் வெளியே சரிந்திருக்க வேண்டும். வாயகன்ற கோப்பையில் வைத்த புடிங் கவிழ்த்ததும் விழும். வாய் குறுகிய முட்டியில் வைத்தால் விழுமா? அச்சும் அப்படித்தான். தலைக்கவசத்துக்கு இரண்டு பாதி அச்சுகள் தேவைப்படுவதும் இதனால்தான். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

பத்து வயதுப் பிள்ளையின் கவசத்துக்கு நான்கைந்து கிலோ பிளாஸ்டர் போதும். இரண்டு பங்கு தூளுக்கு ஒரு பங்கு தண்ணீர். தண்ணீருக்குள் தூளைத் தூவ வேண்டுமே தவிர, தூளின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கட்டி விழும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, கையுறை போட்டு, கரண்டியால் கலக்குங்கள். சிறு பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். முதலில் மெல்லிய பூச்சு; அது இறுகத் தொடங்கியதும் சாக்குத் துண்டுகளைப் பிளாஸ்டரில் தோய்த்து ஓர் அங்குலத் தடிப்பு வரும்வரை அடுக்குங்கள். சூடேறி, ஆறியபின் கவிழ்த்துக் களியைத் தோண்டி எடுங்கள். மிச்சப் பிளாஸ்டரைக் குழாயடியில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள்ளே கல்லாகிவிடும். அச்சை ஒரு வாரமாவது நிழலில் காயவிடுங்கள்.

இனி வார்ப்பு. முதல் அடுக்குக் கடதாசித் துண்டுகளை வெறும் தண்ணீரில் மட்டும் நனைத்து அச்சின் உட்புறத்தில் பதியுங்கள்; பசை இல்லாததால் அச்சில் ஒட்டாது. அதன்மேல் கோதுமை மாப் பசை தடவி எட்டு அடுக்குகள். ஓர் அடுக்குக்குப் பத்திரிகைக் கடதாசி, அடுத்ததற்கு வெள்ளைக் கடதாசி என்று மாற்றி மாற்றி ஒட்டினால் விடுபட்ட இடம் கண்ணுக்குத் தெரியும். பசையில் ஒரு கரண்டி உப்புச் சேருங்கள். பூஞ்சணம் பிடிப்பது குறையும். இரண்டு மூன்று நாளில் ஓரம் தானாக விலகும்.

வளைந்து கொடுக்கும் தோள்பட்டைக்கு இறப்பர் பால் நல்லது. மரத்திலிருந்து எடுத்த பால் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். அமோனியா சேர்த்ததே உதவும். அதன் நெடி கடுமையானது, முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். இறப்பர் பட்டால் உடம்பு தடிக்கும் பிள்ளைகளுக்கு இது ஆகாது. பைபர்கிளாஸை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் ஆவியும் தூசும் வீட்டுக்குரியவை அல்ல.

காய்ந்த கவசத்தை அரத்தாளால் தேய்த்து, ஆணித் தலைகளுக்குப் பதிலாகக் கடலைப் பருப்பை வரிசையாக ஒட்டுங்கள். வெள்ளி நிறப் பெயின்ட் பூசினால் தகர டப்பாவைப் போலிருக்கும். கறுப்புப் பூசிக் காயவிட்டு, பென்சில் கரியின் தூளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், உருக்கின் மினுக்கம் வரும். அச்சை எறிந்துவிடாமல் ஈரமில்லாத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். அடுத்த வருடம் இளையவனின் வகுப்பிலிருந்தும் கேட்டு வருவார்கள்.