தாயின் எலும்பில் தங்கும் ஈயம்: ரங்கூன் தமிழ்க் குடும்பங்களின் கவனத்திற்கு

ரங்கூனை விட்டு வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அந்நகரின் புகையும் தூசியும் பழங்கதையாகிவிட்டன. ஆயினும், உடலில் சேர்ந்த ஈயம் அவ்வாறு மறைந்துவிடுவதில்லை. எலும்பில் அது பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும். கருவுற்ற காலத்தில், சிசுவின் தேவைக்காகத் தாயின் எலும்பிலிருந்து சுண்ணச்சத்து வெளியேறும்போது ஈயமும் உடன் கரைந்து, நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவைச் சென்றடைகின்றது.

ஈயம் மட்டுமன்று. ரங்கூனுக்கு மேற்கேயுள்ள ஐராவதிப் பகுதியில் 2016ஆம் ஆண்டு நானூறுக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் ஆய்வொன்று நடத்தப்பட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட ஆய்வாளர்கள், தாயின் சிறுநீரில் கன உலோகங்களை அளந்தனர். தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து குழந்தையின் டி.என்.ஏ.வைப் பரிசோதித்தனர். தாயின் உடலில் காட்மியம் மிகுந்தபோது எடை குறைந்த குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. குரோமோசோம்களின் முனைகளைக் காக்கும் டெலோமியர்கள் குறுகுவதற்கும் சில கன உலோகங்களுக்கும் தொடர்பு காணப்பட்டது. வயது ஏற ஏறக் குறுகும் அம்முனைகளில், பிறந்த நாளிலேயே சூழலின் தடம் தெரிகின்றது. செலீனியம் என்னும் சத்து இப்பாதிப்பைத் தணிக்கக்கூடும் என்பதும் அவ்வாய்வாளர்களின் கருத்தாகும்.

இத்தடம் தலைவிதி அன்று. பரம்பரைக் குறையும் அன்று. எடை குறைந்த குழந்தை பிறந்தால், "ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க வேண்டும்" என்று மருமகளைக் குறைகூறும் இல்லங்கள் இதனை அறிதல் நலம்.

ஊர் மாறினாலும் பழக்கம் மாறுவதில்லை என்பது மற்றோர் இடர். 2009இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், பர்மிய அகதிகளின் குழந்தைகள் சிலரது இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தமை கண்டறியப்பட்டது. செரிமானத்திற்கென அவர்களுக்குப் புகட்டப்பட்ட 'டோ த்வே' என்னும் நாட்டு மருந்தில் ஈயமும் ஆர்சனிக்கும் இருந்தன. அன்புடன் பெட்டியில் வைத்து அனுப்பப்படும் பொடிகளுக்கும் இந்த ஐயம் பொருந்தும்.

அண்மையில் குடியேறியோர், நாட்டு மருந்து உட்கொள்வோர் ஆகிய கருவுற்ற பெண்களுக்கு ஈயப் பரிசோதனையைக் கருத்திற்கொள்ளுமாறு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் மருத்துவர்களுக்கு வழிகாட்டியது. எனினும், மருத்துவர் கேட்கும்வரை காத்திருத்தல் தகாது. பிறந்த ஊரையும் உட்கொள்ளும் மருந்துகளையும் தாயே முன்வந்து கூற வேண்டும். மொழி தடையாயின், உடன்செல்லும் இளையோர் அதனை எடுத்துரைக்கலாம். தேவைப்படுவது ஒரு சிறு இரத்தப் பரிசோதனையே.