குட்டியானையா, பிக்கப்பா?

உளுந்தூர்பேட்டைப் பக்கம் சரக்கு வண்டி வாங்கப் போகிறவர் முதலில் விசாரிப்பது மாதத் தவணையை. அடுத்து, பங்காளி என்ன வண்டி வைத்திருக்கிறார் என்பதை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: தினமும் எத்தனை மூட்டை ஏற்றப் போகிறீர்கள்?

2005-இல் டாடா ஏஸ் வந்ததுமே நம்மூரில் அது குட்டியானை ஆகிவிட்டது. முக்கால் டன் இழுக்கும். 75 கிலோ நெல் மூட்டை என்றால் பத்து. விற்பனைக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்ட அது தாராளம். சந்தில் திரும்பும், டீசலும் குறைவாகக் குடிக்கும். 1.7 டன் பொலேரோ பிக்கப்பில் இருபத்திரண்டு மூட்டை ஏறும். ஆனால் பாதி நாள் அது காலியாகத்தானே ஓடுகிறது? தவணை மட்டும் முழுசாக ஓடும்.

கல்வராயன் மலைக் கதை வேறு. வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை நிறைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவருக்குப் பெரிய வண்டியின் பிரேக்கும் அடிச்சட்டமும் வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

சின்னதை வாங்கி, பலகை கட்டி உயர்த்தி, இரட்டைப் பாரம் ஏற்றும் சாமர்த்தியம் நம்மிடம் நிறைய. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன்னுக்கு 2,000 ரூபாய் தனி. சமவெளி விவசாயிக்கு என் ஓட்டு குட்டியானைக்கே. அறுவடை வாரத்தில் மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள்.