முதலில் மீனை வையுங்கள்

புதிதாக ஏர் ஃபிரையர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “அக்கா, இதுல உளுந்து வடை வருமா?”

வராது. கேட்டவர் முகம் வாடத்தான் செய்யும், அதற்காகப் பொய் சொல்ல முடியுமா?

2010இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய இந்தச் சாதனம், உள்ளே பார்த்தால் ஒரு குட்டி அவன்தான். மேலே சூடேறும் கம்பி, ஒரு விசிறி, கீழே ஓட்டைக் கூடை. எண்ணெயில் விழுந்த மாவு அந்த நொடியே மேலே ஓடு கட்டிக்கொள்ளும். சூடான காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. அதற்குள் மாவு ஓட்டை வழியே ஒழுகிவிடும். பஜ்ஜிக்கும் அதே கதி. கடலைப்பருப்பைக் கரகரவென்று அரைத்துக் கெட்டியாகத் தட்டினால் மசால் வடை ஓரளவு தேறும். ஆனால் தேக்காவில் சுடச்சுடத் தின்று பழகிய நாக்கு அதை மதிக்காது.

எங்கள் குவீன்ஸ்டவுனில் ஏர் ஃபிரையரின் அருமை வேறு. 1960இல் வீவக கட்டி முடித்த முதல் புளோக்குகள் ஸ்டர்லிங் ரோட்டில் இன்றும் நிற்கின்றன. இந்த வட்டாரத்துப் பழைய வீடுகளில் அடுப்படி சிறிது. மீன் பொரித்தால் வாடை மூங்கில் கழியில் காயும் துணி வரை போகும். மிச்ச எண்ணெயைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே மீனில் தொடங்குங்கள்.

மெய் லிங் சந்தையில் கெம்பொங் வாங்கி, கழுவி, துணியால் ஈரம் போக ஒற்றியெடுங்கள். பாதி வெற்றி அங்கேதான். இருபக்கமும் கீறிவிட்டு, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, கெட்டிப் புளிக்கரைசலோடு ஒரு கரண்டி நல்லெண்ணெய் சேர்த்துப் பூசுங்கள். ‘எண்ணெயே வேண்டாம்’ என்ற விளம்பரத்தை நம்பி அந்தக் கரண்டியை விட்டால், மசாலா வேகாது. பச்சை வாடையோடு காய்ந்து கருகும். எண்ணெயைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது என்பதுதான் என் கட்சி. கூடையிலும் லேசாகத் தடவி, மீன்கள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். 190 டிகிரியில் ஏழு நிமிடம், திருப்பிப்போட்டு மேலும் ஐந்து. பெரிய மீன் என்றால் இன்னும் சற்று. முள்ளோரம் சதை சுலபமாக விலகினால் எடுத்துவிடலாம். கூடையை நெருக்கி நிரப்பினால் மீன் வறுபடாது, ஆவியில் வெந்து தொளதொளத்துப் போகும்.

அடுத்து உருளைக்கிழங்கு, வெண்டைக்காய், நெத்திலிக் கருவாடு என்று போகலாம். அப்பளம் மட்டும் உஷார்: காற்றில் பறந்து மேலே கம்பியில் ஒட்டிக் கருகும். எண்ணெய் தடவி, மேலே ஒரு கம்பித் தட்டைப் பாரமாக வையுங்கள்.

கடைசியாக, மின்சாரம். இது 1,500 வாட் அளவுக்கு இழுக்கும் சாதனம், தண்ணீர்க் கெட்டில் அதற்கும் மேல். நம் சுவர் பிளக்கின் கொள்ளளவு 13 ஆம்பியர், அதாவது ஏறக்குறைய 3,000 வாட். இரண்டையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள். ஏர் ஃபிரையரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, பின்பக்கம் சூடு வெளியேறச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.