தேர்வு என்பது மேற்பார்வை அன்று

வீட்டுவழிக் கல்வி குறித்து இந்தியாவில் நடக்கும் விவாதம் ஒரு பொய்யான இருமையில் சிக்கிக்கிடக்கிறது. ஒருபுறம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் பெற்றோர். வெளியாள் எட்டிப்பார்ப்பதையே தங்கள் உரிமையில் கைவைப்பதாக அவர்களுள் பலர் கருதுகின்றனர். மறுபுறம், பள்ளிச் சுவருக்கு வெளியே கல்வி என ஒன்று இருக்கவியலாது என்று நம்பும் கல்வித்துறை. இவ்விரு தரப்பும் ஒரே ஒரு புள்ளியில் ஒத்துப்போகின்றன: இறுதியில் தேர்வு எழுதித் தேறிவிட்டால் எல்லாம் சரி. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு, பின்னர் தேர்வு, பின்னர் சான்றிதழ். அத்தோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பிள்ளை என்ன கற்றது, யாரோடு பேசியது, எதைக் கண்டு அஞ்சியது என்று கேட்கும் கடமை எவருக்கும் இல்லை.

இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைப் பெருநகர நடுத்தர வர்க்கத்து வீடுகளை மட்டும் வைத்து அளந்தால் விளங்காது. அங்கே நூலகம் உண்டு, பயிற்சி வகுப்பு உண்டு, அக்கம்பக்கத்தார் உண்டு. அந்தமான் நிக்கோபார் தீவுகளை வைத்து அளக்க வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,80,581. அவர்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோரின் வழித்தோன்றல்களும் இதில் அடக்கம். பெரிய நிக்கோபாரின் கேம்ப்பெல் பே, 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் கொண்டு உருவான குடியிருப்பு. அது தலைநகரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. கடல் கொந்தளித்தால் கப்பல் இல்லை. தனக்கு வேண்டிய பாடப்பிரிவோ பயிற்றுமொழியோ தன் தீவில் கிடைக்காத குடும்பத்துக்கு விடுதி, உறவினர் வீடு, வீட்டிலிருந்தே படிப்பு என்னும் மூன்று வழிகளே எஞ்சுகின்றன. மூன்றாவது வழியைத் தேர்பவர் எந்தக் கல்விச் சிந்தனையாளரையும் படித்துவிட்டு அதைத் தேர்வதில்லை.

இத்தகைய பிள்ளையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? அரசமைப்பின் 51அ(ட) உறுப்பு, ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைக்குக் கல்வி பெறும் வாய்ப்புகளை அளிப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ‘கல்வி’ என்பதே அங்குள்ள சொல். 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவோ, அருகமைப் பள்ளியில் சேர்ப்பதே பெற்றோரின் கடமை என்கிறது. அரசமைப்பு கல்வி என்றதைச் சட்டம் பள்ளி என்று சுருக்கிவிட்டது. சுருக்கிய பின்னும், மீறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அது விதிக்கவில்லை. தடையுமில்லை, ஏற்புமில்லை என்ற அந்தரத்தில் வீட்டுவழிக் கல்வி தொங்குகிறது. ஒரு சிறுமியின் பெயரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கில், வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோர் அவ்வாறே தொடரலாம், சட்டம் குறுக்கே நிற்காது என 2012இல் நடுவண் அரசு உறுதிமொழி ஆவணம் தாக்கல் செய்தது. பின்னர் அதே அரசு அந்நிலையிலிருந்து பின்வாங்கியது. ஓர் அரசு தன் கருத்தை மாற்றிக்கொள்ளலாம். எனினும் இரு நிலைப்பாடுகளிலும் விடுபட்ட கேள்வி ஒன்றே: அப்பிள்ளையை யார் போய்ப் பார்ப்பது?

சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒவ்வொரு பிள்ளையின் சேர்க்கையையும் வருகையையும் தொடக்கக் கல்வி நிறைவையும் உறுதிசெய்து கண்காணிக்கும் கடமையை அரசின்மீது சுமத்துகிறது. ஆனால் கண்காணிக்கும் கருவி பள்ளியின் வருகைப் பதிவேடு. நாட்டின் கல்விப் புள்ளிவிவரம் முழுதும் பள்ளிகள் நிரப்பி அனுப்பும் படிவங்களிலிருந்தே திரட்டப்படுகிறது. பள்ளியில் இல்லாத பிள்ளைக்கு அப்படிவத்தில் கட்டம் இல்லை. பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் என்ன வாழ்ந்தது என்பதும் தெரிந்ததுதான். பெயரைப் பள்ளியில் எழுதிவிட்டு உடலைப் பயிற்சி மையத்துக்கு அனுப்பும் ‘டம்மி’ மாணவர் முறைக்காக, 2024 நவம்பரில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 21 பள்ளிகளின் இணைப்பை நீக்கியது. வீட்டில் கற்கும் பிள்ளையைச் சந்தேகத்தோடு பார்க்கும் அமைப்பு, வகுப்பில் இல்லாத பிள்ளைக்கு வருகை போடுவதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்தது.

திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இந்த இடத்தை நிரப்புகிறது என்போர் உண்டு. 1989இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தின் பயனை மறுப்பதற்கில்லை. பள்ளியால் கைவிடப்பட்ட பல்லாயிரவருக்கு அது மறுவாசல். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான மூன்று நிலைகள், நேர்முக வகுப்புகள், ஆசிரியர் திருத்தும் ஒப்படைவுகள் ஆகியன ஏட்டில் உள்ளன. ஒப்படைவுக்கு 20 விழுக்காடு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் எழுதியவர் யார் என்று அறியாமல் திருத்தப்படும் தாள் எதற்குச் சான்று? ஐந்தாம் வகுப்பு நிலைத் தேர்வுக்கும் எட்டாம் வகுப்பு நிலைத் தேர்வுக்கும் இடையில் ஒரு குழந்தைப் பருவமே கழிந்துவிடுகிறது. அது கழிந்த விதத்தைத் தேர்வுத்தாள் காட்டாது.

தொலைவு ஒரு காரணமாகாது என்பதை ஆஸ்திரேலியா எழுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டது. 1951இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில், பறக்கும் மருத்துவர் சேவையின் வானொலியைப் பயன்படுத்தி ‘வான்வழிப் பள்ளி’ தொடங்கப்பட்டது. பாலைநிலக் கால்நடைப் பண்ணைகளில் வாழும் பிள்ளைக்கு வீட்டில் கற்பிப்பவர் பெரும்பாலும் தாய்தான். ஆனால் தாய் தனித்து விடப்படுவதில்லை. ஆசிரியரின் குரல் நாள்தோறும் வீட்டுக்குள் வருகிறது, ஆசிரியர் நேரிலும் வருகிறார், ஆண்டில் சில வாரங்கள் பிள்ளைகள் ஊரில் ஒன்றுகூடுகின்றனர். நியூசிலாந்து 1922இலேயே தொலைதூரப் பிள்ளைகளுக்காக அஞ்சல்வழிப் பள்ளியை நிறுவியது. அந்தமானிலோ, சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் இயங்கத் தொடங்கியதே 2020 ஆகஸ்ட் 10இல்தான். அவ்வாண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது ஒவ்வொரு தீவு வீடும் ஒரே இரவில் பள்ளியாக்கப்பட்டது. ‘வீட்டிலிருந்தே கல்வி’ என்று தில்லியிலிருந்து முழங்கியோர் அவ்வீட்டுக்கு இணையம் எட்டுமா என்று முதலில் கேட்டிருக்கலாம். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யின்மீது குறைகள் பல உண்டு, மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலரிடம் ஆசிரியப் பணியை எதிர்பார்த்தது அவற்றுள் முதன்மையானது. எனினும் அத்திட்டத்தின் மையத்தில் பிள்ளையின் பெயரறிந்த மனிதர் ஒருவர் இருந்தார்.

மேற்பார்வையை அஞ்சும் பெற்றோரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிடவும் கூடாது. குறிப்பாக இத்தீவுகளில் கூடாது. 1863இல் ராஸ் தீவில் பாதிரியார் ஹென்றி கார்பின் பொறுப்பில் ‘அந்தமான் இல்லம்’ அமைக்கப்பட்டது. நாகரிகமும் ஆங்கிலமும் கற்பிக்கிறோம் என்ற பெயரில் பெரிய அந்தமானியர் அங்கே அடைத்துவைக்கப்பட்டனர். கடலில் நீந்தித் தப்பியோரும் உண்டு. குடியேற்றத்தோடு வந்த நோய்கள் அம்மக்களை அழித்தன. 2011இல் அவர்களின் எண்ணிக்கை 44. வெளியிலிருந்து வந்து ‘உங்கள் பிள்ளைக்கு எது நல்லது என எமக்குத் தெரியும்’ என்ற குரலின் வரலாறு இதுவாக இருக்கும்போது, ‘கண்காணிப்பு’ என்ற சொல் கேட்டதும் உடல் சிலிர்ப்பதில் வியப்பில்லை.

ஆனால் அவ்வரலாற்றைத் தமக்குக் கேடயமாக்கும் பெற்றோர் ஒன்றை மறைக்கின்றனர். அந்தமான் இல்லத்தில் அடைபட்டோரின் குரல் கேட்கப்படவில்லை. எவரும் வந்து பார்க்காத வீட்டில் பிள்ளையின் குரலும் கேட்கப்படுவதில்லை. இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் 2023 ஏப்ரலில் வீட்டுக் கல்வி என்று சொல்லிப் பள்ளியிலிருந்து விலக்கப்பட்ட பத்து வயதுச் சிறுமி, அதே ஆகஸ்டில் கொல்லப்பட்டாள். தந்தையும் மாற்றாந்தாயும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. விலக்கப்படுவதற்கு முந்தைய மாதமே அவளது காயத்தைக் கண்டு அறிவித்தது பள்ளி. சமூகநலத்துறை அக்கோப்பைச் சில நாளில் மூடியது. பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்குப் பதிவேடு கோரும் மசோதா அதன் பின்னரே, 2024 டிசம்பரில், அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு வந்தது. பதிவேடு வேண்டும், பதிவேடு மட்டும் போதாது என்பதற்கும் இவ்வழக்கே சான்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1988இலேயே ஒருபடி முன் சென்றது. பெற்றோர் ஆண்டு முழுதும் பிள்ளையின் பணித்தொகுப்பைப் பேண வேண்டும். தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் பிள்ளையோடு பேசிச் சான்றளிக்க வேண்டும். அம்மதிப்பீட்டாளரைப் பெற்றோரே தேர்ந்தெடுக்கின்றனர் என்பது அதன் பலவீனம்.

இந்தியாவுக்கு வேண்டியது இதனினும் எளியது. வீட்டில் கற்கும் ஒவ்வொரு பிள்ளையும் அருகமைப் பள்ளியின் பதிவேட்டில் ‘வீட்டுவழிக் கல்வி’ என்ற தனித் தலைப்பில் இடம்பெறட்டும். மாதம் ஒருமுறை அப்பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளையைச் சந்தித்துக் குறிப்பேட்டைப் பார்க்கட்டும். சந்திப்பின் ஒரு பகுதி பெற்றோர் இல்லாமல் நடக்கட்டும். வீட்டில் என்ன மொழியில், எந்த நூலைக் கொண்டு, எந்த நேரத்தில் கற்பிப்பது என்பதில் அவ்வாசிரியருக்கு அதிகாரம் வேண்டாம். அவரோடு ஒத்துவராவிடில் வேறொருவரைக் கோரும் உரிமை பெற்றோருக்கு இருக்கட்டும். பிள்ளைக்கும் இருக்கட்டும். பள்ளியின் நூலகமும் ஆய்வகமும் விளையாட்டுத் திடலும் அப்பிள்ளைக்குத் திறந்திருக்கட்டும். பார்க்க மட்டும் வந்து எதுவும் தராத அரசை எந்தப் பெற்றோரும் வாசலில் நிற்க விடமாட்டார். ஆசிரியர்களின் பணிச்சுமை உண்மையே. தேர்தல் பணிக்கும் கணக்கெடுப்புக்கும் அவர்களை அனுப்பும் அரசு, அவர்களின் தொழிலுக்கு உரிய பணி ஒன்றுக்கு மாதம் ஒருநாள் ஒதுக்க இயலாதா என்பதே கேள்வி.

இதை எங்கே தொடங்குவது என்பதற்கும் விடை இருக்கிறது. கல்வி பொதுப்பட்டியலில் உள்ளது, மாநிலங்கள் ஒத்துழைப்பதில்லை என்று நடுவண் அரசு வழக்கமாகச் சொல்லும் சாக்கு அந்தமானில் செல்லாது. சட்டமன்றம் இல்லாத அந்த ஒன்றியப் பகுதியில், கல்வி உரிமைச் சட்டத்தின்படி ‘உரிய அரசு’ நடுவண் அரசே. அரசமைப்பின் 240ஆம் உறுப்பின்கீழ் அத்தீவுகளுக்கென ஒழுங்குவிதி இயற்றும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு உண்டு. இயற்றப்பட்ட விதி நாடாளுமன்றச் சட்டத்துக்கு இணையான வலுவுடையது. பழங்குடியினர் பாதுகாப்புக்கென 1956இலேயே அத்தீவுகளுக்குத் தனி ஒழுங்குவிதி பிறப்பிக்கப்பட்டது. வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்கென இன்னொன்றை எழுதும் கோப்பு தில்லியிலிருந்து வேறெங்கும் போக வேண்டியதில்லை.