தூரக் கணக்கில் மயங்க வேண்டாம்

சகோதரர்களே, 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் காய்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. அதனால்தான் சொகுசு மின்சார எஸ்யூவி வாங்கப் போனாலும் "ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீற்றர்?" என்பதே நமது முதல் கேள்வி.

பிஎம்டபிள்யூ ஐஎக்ஸ் எக்ஸ்டிரைவ்50க்கு 630 வரை சொல்கிறார்கள். நமது நாட்டின் நீளமே ஏறத்தாழ 430தான்! அந்த 630உம் சோதனைக்கூடக் கணக்கு. ஏசி போட்டு அதிவேகப் பாதையில் ஓடினால் குறையும். அன்றாடம் நாம் ஓடுவதோ பாடசாலைக்கும் சந்தைக்கும். அதற்கு இவ்வளவு பெரிய பற்றரி எதற்கு? காசையும் கொட்டி, பாரத்தையும் தினமும் சுமக்கவா?

வீட்டில் சார்ஜ் செய்ய வசதி உண்டா, போகும் வழியில் விரைவுச் சார்ஜர் வேலை செய்கிறதா என்று முதலில் கேட்போம். பக்கத்து வீட்டுக்காரரை விட நூறு கிலோமீற்றர் கூட என்று பெருமை பேசாமல், ஊருக்கொரு சார்ஜர் கேட்டு ஒன்றாகக் குரல் கொடுப்போம்.