ஒன்றும் செய்யாது

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் வேலந்தாவளம். தமிழும் மலையாளமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் அது. இத்தகைய எல்லைப்புறங்களில் ஒரு வீட்டு வாயிலில் ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று தமிழிலும், வேறொரு வாயிலில் ‘பட்டியுண்டு, சூக்ஷிக்குக’ என்று மலையாளத்திலும் பலகை தொங்கக் காணலாம். மலையாளத்தில் பட்டி என்பது நாயைக் குறிக்கும். அதனை ஆட்டுப்பட்டி என்று எண்ணி உள்ளே நுழையும் தமிழ்ச் சிறுவனின் பாடு திண்டாட்டம்தான்!

எம்மொழியில் எழுதப்பட்டிருந்தாலும் அப்பலகை ஒரு நல்ல செயலைச் செய்கிறது; உள்ளே நாய் இருப்பதை முன்னரே அறிவித்துவிடுகிறது. நாய் வளர்ப்போருள் பலர் இதற்கு நேர்மாறாகப் பேசுகின்றனர். நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வரும்போது, திண்ணையில் இருந்தபடியே, “பயப்படாதே, ஒன்றும் செய்யாது” என்கின்றனர். நாயை விரும்பாதவருக்கும் வளர்ப்பவருக்கும் இடையே மனத்தாங்கல் பெரும்பாலும் இச்சொற்களில்தான் தொடங்குகிறது.

அவர்கள் பொய் சொல்வதில்லை. தம் நாய் தம் பிள்ளைகளோடு விளையாடுவதை நாள்தோறும் காண்கின்றனர். ஆனால் தெருவில் செல்லும் சிறுமி அந்த நாய்க்கு வீட்டுப் பிள்ளை அல்லள், அயலாள். வீட்டாரிடம் ஒரு விதமாகவும் அயலாரிடம் வேறு விதமாகவும் நடந்துகொள்வதால்தானே அது காவலுக்கு ஏற்றதாகிறது? ‘காவலுக்கு வல்லது’ என்று பெருமை பேசிய வாயே, ‘ஒன்றும் செய்யாது’ என்றும் சொல்வது பொருந்தாது.

அஞ்சுவோரின் அச்சம் வெறும் கற்பனையும் அன்று. 2022ஆம் ஆண்டு பாலக்காடு மாவட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர், அண்டை வீட்டு வளர்ப்பு நாய் கடித்த சில வாரங்களில் வெறிநோயால் உயிரிழந்தார். தடுப்பூசி செலுத்தப்பட்டிருந்தும் நேர்ந்த அரிதான இறப்பு அது. மனிதருக்கு வரும் வெறிநோயில் 100க்கு 99 வரை நாய்களாலேயே பரவுகிறது என்றும், வெறிநோய் ஐயமுள்ள விலங்குகளால் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைத்தல் அரிது. கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு உடனே 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனை சென்று தடுப்பூசி செலுத்திக்கொண்டால் பெரும்பாலும் உயிர் காக்கப்படும். நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்கு மருத்துவம் செய்வதற்காகவே 1907ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆயினும் முதற்காவல் நாய்க்கே செலுத்தப்படும் தடுப்பூசியாகும். அதனைத் தவறாமல் செலுத்தச் செய்வது வளர்ப்பவர் கடமை. வழிப்போக்கர் அதனைச் செய்ய இயலாது.

வளர்ப்பவர் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தென்னந்தோப்பின் நடுவே தனித்து நிற்கும் வீட்டுக்கு இரவில் நாயே துணை. இவ்வன்பு தமிழருக்குப் புதிதும் அன்று. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாயின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. நாயை இவ்வாறு குடும்பத்தில் ஒருவராகக் கருதுவோரிடம், “இந்தச் சனியனை விரட்டுங்கள்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். கல்லெறிவது அதனினும் கேடு. கல்லடி பட்டுப் பழகிய நாய், அடுத்து வரும் சிறுவனையும் பகைவனாகவே பார்க்கும்.

நாயை விரும்பியே தீரவேண்டும் என்று எவரையும் வற்புறுத்தத் தேவையில்லை. “தடவிப் பார், பயம் போய்விடும்” என்று நடுங்கும் குழந்தையின் கையைப் பிடித்து இழுப்பது அன்பு ஆகாது. நாயைக் கைவிடுமாறு வளர்ப்பவரைக் கேட்பதும் முறையன்று. கேட்க வேண்டியது இடைவெளி ஒன்றே. “சேச்சி, காலை எட்டரை மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நாங்கள் இவ்வழியே போகிறோம். அந்நேரம் மட்டும் வாயிற்கதவை மூடி வைப்பீர்களா?” என்று பெற்றோருடன் சென்று ஒரு சிறுமி கேட்டால், மறுப்பவர் சிலரே இருப்பர். அக்கேள்வியில் நாயைப் பற்றிய பழிச்சொல் இல்லை. நாள் முழுவதும் நாயைச் சங்கிலியில் கட்டிப்போடும் கொடுமையும் அதனால் நேராது. சிறுமியும் தன் பங்குக்கு, நாயைக் கண்டு ஓடாமலும், அதன் கண்களை உற்று நோக்காமலும், உண்ணும் நாயையும் குட்டி ஈன்ற நாயையும் நெருங்காமலும் இருத்தல் வேண்டும்.

பிழைப்புக்காக வேற்றூரில் குடியேறிய குடும்பங்கள் இவ்வாறு கேட்கவும் தயங்குகின்றன. வாடகை வீடு, பழகாத மொழி, புதிய அண்டை வீட்டார் என்று எண்ணிப் பிள்ளைகளைச் சுற்றுவழியில் அனுப்புகின்றன. அத்தயக்கம் வேண்டாதது. கேரள ஊராட்சிகளில் நாய் வளர்க்க உரிமம் பெறுதல் வேண்டும் என்று 1998ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தம் விலங்கால் பிறருக்கு ஆபத்து நேராதபடி காக்கத் தவறுவோருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆயினும் முதல் நாளே காவல் நிலையத்துக்குச் செல்வது அறிவுடைமையாகாது. அதே தெருவில்தான் இரு வீட்டாரும் இனியும் வாழ வேண்டும். இருமுறை நேரில் கேட்டும் பயனில்லையெனில், ஊராட்சி உறுப்பினரை அழைத்துச் சென்று மூன்றாம் முறை கேட்கலாம். அப்போது நாயின் உரிமமும் தடுப்பூசிச் சான்றும் உள்ளனவா என்பதையும் அவரே கேட்டறிவார்.