நம் வீட்டு இணையத்துக்குக் கதவு எண் உண்டா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கணக்கு வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு முகவரி இருக்க வேண்டும். கடலூர், சிதம்பரம் பக்கம் மாதம் தவறாமல் பணம் கட்டி வீட்டுக்கு இணைப்பு வாங்கியிருக்கும் பலருக்கு அது இல்லை. இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியாது. எல்லோருக்கும் முகவரி கொடுக்க வழி இல்லாமலும் இல்லை. ஐபிவி6 என்ற பெயரில் அந்த வழியை 1998-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். நம் செல்போன்களில் அது பெரும்பாலும் வந்துவிட்டது. வீட்டு இணைப்பில்தான் தயங்கி நிற்கிறது. நாம் கேட்டால்தான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் முகவரி என்றால் என்ன என்று பார்ப்போம். கடலூருக்கு 607001, சிதம்பரத்துக்கு 608001. 1972 ஆகஸ்ட் 15-ல் வந்த பின்கோடு இது. டெல்லியில் தபால் பிரிப்பவருக்குச் சிதம்பரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. முதல் இலக்கம் 6 என்று பார்த்ததும் தமிழ்நாடு, கேரளா பக்கம் தள்ளிவிடுவார். மற்ற இலக்கங்களை இங்கே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இணையமும் இப்படித்தான். நீங்கள் அனுப்பும் போட்டோவோ குரல் பதிவோ சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெறுநர் எண், அனுப்புநர் எண் இரண்டும் இருக்கும். வழியில் இருக்கும் கருவிகள் எண்ணின் முன்பகுதியைப் பார்த்து அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும். அந்த எண்தான் ஐ.பி. முகவரி.

பழைய முறையின் பெயர் ஐபிவி4. 1981 செப்டம்பரில் எழுதப்பட்டு, 1983 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. "அப்படியானால் 5 எங்கே சார்?" என்று கேட்பீர்கள். ஒலி, ஒளி அனுப்புவதற்காக நடந்த ஒரு சோதனை முறைக்கு அந்த எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். அதனால் அடுத்தது 6.

இரண்டுக்கும் முக்கியமான வித்தியாசம் எண்ணின் நீளம். பழையது 32 பிட். புதியது 128 பிட். "நாலு மடங்குதானே" என்று நினைத்தால் கணக்கில் பெயில். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதையை உங்களில் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பலகையை, அதாவது 32 கட்டங்களை நிரப்பினால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 295 நெல் ஆகும். கூட ஒன்று சேர்த்தால் அதுதான் ஐபிவி4 முகவரிகளின் மொத்த எண்ணிக்கை. உலகம் முழுமைக்கும் அவ்வளவுதான்.

இப்போது பலகையின் 64 கட்டங்களையும் நிரப்புங்கள். மன்னனின் களஞ்சியமே காலியாகும் அந்தத் தொகையோடு ஒன்று சேர்த்தால் 20 இலக்க எண் ஒன்று வரும். ஐபிவி6-ல் வழக்கமாக ஒரே ஒரு வீட்டு வலைக்கு ஒதுக்கும் முகவரிகளின் எண்ணிக்கை அது. அப்படிப்பட்ட வலைகள் எத்தனை இருக்கலாம் என்றால், அதற்கு இன்னொரு முழுப் பலகை. மொத்தத் தொகையை எழுத 39 இலக்கம் வேண்டும்.

எழுதும் விதமும் வேறு. பழையதில் 192.168.1.1 என்பதுபோல் நான்கு எண்கள், நடுவே புள்ளி. புதியதில் எட்டுத் தொகுதிகள், நடுவே முக்காற்புள்ளி. பத்து இலக்கங்கள் போதாமல் ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகளையும் இலக்கமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பதினாறு அடிமான இடமதிப்பு, அவ்வளவுதான். உங்கள் செல்போனின் ஐ.பி. முகவரி 2401, 2405, 2409 என்று ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் ஏற்கெனவே புதிய முறையில்தான் இருக்கிறீர்கள்.

429 கோடி போதாதா என்றால், போதாது. முதலில் வந்தவர்கள் இலையை நிறைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற ஒரே கல்வி நிறுவனத்திடம் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேல் முகவரிகள் இருந்தன. 2011 கணக்கெடுப்பில் நம் கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகையே சுமார் 26 லட்சம்தான். நம் மாவட்டத்தைப்போல் ஆறு மாவட்டங்களுக்குத் தலைக்கு ஒன்று கொடுத்தாலும் மிஞ்சும். 2017-ல்தான் அதில் பாதியை விற்க முன்வந்தார்கள். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவின் கையில் இருப்பது சுமார் 4 கோடி. பந்தியில் தாமதமாக உட்கார்ந்தோம். அதற்குள் குண்டான் காலி.

2011 பிப்ரவரி 3-ல் உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அந்த ஏப்ரலிலேயே ஆசியப் பகுதிக்கான கையிருப்பும் ரேஷன் நிலைக்கு வந்துவிட்டது. அதே ஆண்டில் திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. வெறும் எண், ஒன்றின் விலை 11 டாலருக்கு மேல்!

தட்டுப்பாட்டைச் சமாளிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். அண்ணாமலை நகரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு ஹாஸ்டல், முந்நூறு பையன்கள், வெளியே ஒரே முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை எண்ணோ பெயரோ உறையில் எழுதக்கூடாது. ஒரு பையன் கடிதம் போடும்போது வாசலில் இருப்பவர் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து அந்த அறைக்குக் கொடுப்பார். இதற்கு நாட் என்று பெயர். உங்கள் வீட்டு மோடம் செய்வது இதுதான். அதுவும் போதாமல், பல ஹாஸ்டல்களைச் சேர்த்து ஒரே முகவரி ஆக்கினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் சேர்ந்து ஒரே முகவரியில் வெளியே போகின்றன. இது இணைப்பு தரும் நிறுவனம் செய்யும் இரண்டாவது நாட்.

நாம் பேசி அவர்கள் பதில் சொல்லும் வரை இதில் குறை தெரியாது. யூடியூப் ஓடும், பேப்பர் படிக்கலாம், கரண்ட் பில் கட்டலாம். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தானாக உங்கள் வீட்டைத் தேடி வந்தால், வாசலில் இருப்பவரின் நோட்டில் குறிப்பு இருக்காது. திருப்பி அனுப்பிவிடுவார்.

சிதம்பரத்தில் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு இதுதான் நடந்தது. கடையில் கேமரா மாட்டினார். ஊரில் இல்லாதபோது நேரடியாகப் பார்க்க முடியவில்லை. இணைப்புக் கொடுத்தவர்கள் "தனி ஐ.பி. வேண்டுமென்றால் மாதாமாதம் கூடுதல் கட்டணம்" என்றார்கள். கேமரா நிறுவனமோ "எங்கள் சர்வர் வழியாகப் பாருங்கள்" என்றது. அதாவது அவர் கடையின் படம் எங்கோ இருக்கும் இன்னொருவர் கம்ப்யூட்டர் வழியாகப் போய்த்தான் அவர் கைக்கு வர வேண்டும். சொந்தக் கடையைப் பார்க்க எதற்கு ஒரு தரகர்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2007 ஆகஸ்ட் இறுதியில் பெங்களூருவில் மென்பொருள் ஊழியர் ஒருவரைப் புனே போலீசார் கைது செய்தார்கள். சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போட்டார் என்று குற்றச்சாட்டு. ஆதாரம், ஒரு ஐ.பி. முகவரி. அந்த முகவரி யாருடையது என்று இணைய நிறுவனம் கொடுத்த விவரம் தவறு என்று பிறகு தெரிந்தது. அதற்குள் அவர் 50 நாள் சிறையில் இருந்துவிட்டார்.

அவர் விஷயத்தில் தவறியது பதிவேடு. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு முகவரி ஒருவருக்கு என்று இருந்தாலே இவ்வளவு குளறுபடி நடக்கும் என்றால், ஒரு முகவரியை நூற்றுக்கணக்கான வீடுகள் பங்கிட்டால்? எந்த நொடி, எந்தப் போர்ட் எண் என்பது வரை துல்லியமாகக் குறித்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். ஐரோப்பிய நாடுகளின் காவல் ஒருங்கிணைப்பு அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில் இதே காரணத்தைச் சொல்லி, நிறுவனங்கள் போடும் இந்த இரண்டாவது நாட்டுக்கு முடிவு கட்ட வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டது. குற்றவாளி தப்புவதும் நிரபராதி மாட்டுவதும் ஒரே ஓட்டை வழியாகத்தான்.

ஐபிவி6-ல் இந்த ஒட்டுப்போடும் வேலைக்கு அவசியம் இல்லை. உங்கள் வீட்டுக்கு ஒரு முன்பகுதி கொடுப்பார்கள். போன், டிவி, கேமரா எல்லாம் அதோடு தங்கள் பின்பகுதியைத் தாங்களே சேர்த்துக்கொண்டு முழு முகவரி அமைத்துக்கொள்ளும். வேறு சில திருத்தங்களும் உண்டு. பழைய முறையில் பொட்டலத்தின் மேலுறைத் தலைப்பு 20 முதல் 60 பைட் வரை நீளும், குறையும். புதியதில் 40 பைட் என்று நிலையாக வைத்துவிட்டார்கள். பழையதில் வழியில் உள்ள ஒவ்வொரு நிலையமும் தலைப்பின் சரிபார்ப்புக் கூட்டலைத் திரும்பப் போட வேண்டும். புதியதில் அந்த வேலையே இல்லை. பெரிய பொட்டலத்தை நடுவழியில் உடைப்பதும் கிடையாது. அனுப்புபவரே அளவு பார்த்துக் கட்ட வேண்டும்.

இவ்வளவு நல்லது ஏன் உடனே வரவில்லை? இரண்டு முறைகளும் நேரடியாகப் பேசிக்கொள்ளாது. தமிழ் மட்டும் தெரிந்தவரும் இந்தி மட்டும் தெரிந்தவரும் எதிரெதிரே உட்கார்ந்த கதை. அதனால் பல ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்து ஓட்டுகிறார்கள், அல்லது நடுவில் மொழிபெயர்ப்பாளர் வைக்கிறார்கள். நம் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலேயே மாற்றத்துக்கான திட்ட வரைவை வெளியிட்டது. 2013 மார்ச்சில் இரண்டாவது வரைவும் வந்தது. ஆனால் வேகம் பிடித்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். கோடிக்கணக்கான புதிய வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப் பழைய எண்கள் எங்கே? தொடக்கத்திலிருந்தே புதியதில் இறங்கினார்கள். உலக அளவில் ஏறக்குறையப் பாதிப் பயன்பாடுதான் ஐபிவி6. இந்தியாவில் பத்துக்கு ஏழு என்ற அளவுக்கு வந்து, முன்னணி நாடுகளில் ஒன்றாக நிற்கிறோம். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர்களுக்குப் புது இலையில் சூடாகப் பரிமாறியது போல ஆயிற்று.

இப்போது ஆட்சேபணைகள். "நாட் இருப்பதுதான் பாதுகாப்பு, வெளியாள் உள்ளே வர முடியாது" என்பார்கள். வீட்டுக்கு முகவரி இருந்தால் கதவு திறந்து கிடக்கிறது என்று அர்த்தமா? பூட்டு என்பது ஃபயர்வால் செய்யும் வேலை. மோடத்தில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். கேமராவின் பாஸ்வேர்டு 1234 என்று வைத்திருந்தால் எந்த முறையும் உங்களைக் காப்பாற்றாது. "ஐபிவி6 வந்தால் ஹேக்கிங்கே நடக்காது" என்று சிலர் சொல்வதையும் நம்பாதீர்கள்.

"ஆளுக்கு ஒரு முகவரி என்றால் நம்மைப் பின்தொடர்வது சுலபமாகிவிடாதா?" என்ற கேள்வி நியாயமானது. ஆரம்பத்தில் கருவியின் நிரந்தர எண்ணே முகவரியில் ஒட்டிக்கொண்டது உண்மை. இப்போது போன்களும் கம்ப்யூட்டர்களும் பின்பகுதியை அவ்வப்போது தாமாக மாற்றிக்கொள்கின்றன. ஆனாலும் முன்பகுதி உங்கள் வீட்டைக் காட்டும். கதவு எண் வாங்கினால் அந்த விலை உண்டு. காரணமில்லாமல் சந்தேகப் பட்டியலில் சேர்வதைவிட அது மேல் என்பது என் கருத்து.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, வீட்டுக்கு இணைப்பு வாங்கும்போது "எத்தனை எம்.பி.பி.எஸ்., எந்த ஓ.டி.டி. இலவசம்?" என்பதோடு, "ஐபிவி6 உண்டா? மோடத்தில் ஆன் செய்து தருவீர்களா?" என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குத் தானாக வரும்.

இரண்டு, கேபிள், நெட் தொழில் நடத்தும் என் மாணவர்களுக்கு. பழைய மோடத்தை மாற்றச் செலவாகும், தெரியும். ஆனால் பழைய எண்களை விலைக்கு வாங்குவதும், நாட் பதிவேடுகளைக் காப்பதும் வருஷா வருஷம் வரும் செலவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

மூன்று, அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இணையதளம் பராமரிக்கும் பிள்ளைகளுக்கு. நீங்கள் பராமரிக்கும் தளம் ஐபிவி6-ல் திறக்கிறதா என்று இன்றே சோதியுங்கள். படிக்கிறவர் புதிய முறைக்கு வந்த பிறகும் தளம் பழையதிலேயே இருந்தால், நடுவில் அந்த மொழிபெயர்ப்பாளரை விடவே முடியாது.

வாசலில் கதவு எண் இல்லாத வீட்டுக்கு நாம் குடிபோக மாட்டோம். ரேஷன் கார்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அது வேண்டும். நாளைக்கு உங்கள் பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்தே ஒரு சர்வர் வைத்து, தாங்கள் செய்ததை உலகத்துக்குக் காட்ட நினைக்கலாம். அவர்களுக்கும் ஒரு எண் கேட்டு வாங்கி வையுங்கள்.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள். வகுப்பில் கேட்கப் பயந்தவர்களும் இங்கே தாராளமாகக் கேட்கலாம், கையில் பிரம்பு இல்லை.

எல்லோரும் நலமாக இருங்கள்.